நாற்பத்தோராவது எண்

— திட்டுங்கக்கா. ஒரே ஒரு தடவை, வாய் நிறையத் திட்டிடுங்க.

— எதுக்குப்பா?

— புற்றுநோய்க்கு மருந்து ஏத்திக்கிட்டிருக்கிற நாப்பத்தோரு பேருக்கு, 'உங்கள் சிகிச்சை நிறைவடைந்தது, இனி வர வேண்டியதில்லை'ன்னு மெசேஜ் அனுப்பி வச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்குறீங்க!

— நீ அனுப்பல. நாம ஆஸ்பத்திரிக்குச் செஞ்சு கொடுத்த மென்பொருள் அனுப்புச்சு.

— அந்த மென்பொருள்ல அந்தத் துண்டை எழுதினது யாரு?

— 'யாரு'ங்கிற கேள்வி இந்த ஆபீஸ்ல கிடையாது. 'எப்படி'ன்னு மட்டும்தான் கேப்போம். நீ சேர்ந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா? மூச்சை விடு. எப்படின்னு சொல்லு, போர்டுல எழுதிக்கறேன்.

— காலைலேர்ந்து நாலு தடவை சொல்லிட்டேன்க்கா.

— அஞ்சாவது தடவை சொல்றப்போதான் விட்டுப்போனது ஞாபகம் வரும். மேல சொல்லு.

— சிகிச்சை முடிஞ்சவங்களுக்கு மட்டும் போக வேண்டிய மெசேஜ் அது. சோதிச்சுப் பாக்கலாம்னா, சோதனைக்குன்னு நாம வச்சிருக்கிற பொய்ப் பட்டியல்ல சிகிச்சை முடிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்ல. சரி, மெசேஜ் ஒழுங்கா வருதான்னாவது பாப்போம்னு நிபந்தனையைத் தலைகீழாத் திருப்பினேன். 'முடியாதவங்களுக்கு அனுப்பு'ன்னு. வந்துச்சு. அழகா வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல பழையபடி திருப்பி வைக்க மறந்துட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, இன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு…

— நடுவுல ஒண்ணை முழுங்குற பாரு. ஒவ்வொரு தடவையும் அதையே முழுங்குற.

— உங்க பார்வைக்கு அனுப்பினேன்.

— நான் என்ன செஞ்சேன்?

— சரின்னு சொன்னீங்க.

— வெறும் சரியா? 'அருமை'ன்னு எழுதி, கட்டைவிரல் படம் வேற போட்டேன். பதினோரு வருஷ அனுபவம்! அந்தக் கட்டைவிரலையும் சேத்துத்தான் போர்டுல எழுதணும்.

— இதுக்குத் திட்டே தேவலக்கா. சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சா எங்கம்மா முதுகுல ஒண்ணு வைப்பாங்க. அழுவேன், அதோட தீர்ந்துச்சு. இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. டிசைன் பண்ற அண்ணன் சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு வந்து எனக்காக ஏழு பேருக்குப் போன் பண்ணிட்டுப் போறார். டெஸ்டர் அண்ணன் வந்து அந்தச் செவப்பு ஹெல்மெட்டை என் மேசையில வச்சுட்டுப் போறார்.

— அது மரியாதைப்பா! உள்ள திருப்பிப் பாத்தியா? முதல் தடவை பெருசா எதையாவது உடைச்சவங்க எல்லாரும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கோம். வலது காதுப் பக்கம் என்னோடது. ஒரு ரயில் கம்பெனியோட டிக்கெட்டையெல்லாம் மூணு மணி நேரம் முடக்கிப் போட்டேன். அதுல பேர் இல்லாதவன் இன்னும் வேலையே ஆரம்பிக்கலன்னு அர்த்தம்.

— டிக்கெட் இல்லாம யாரும் செத்துப்போக மாட்டாங்கக்கா.

— …சரி. போர்டு இருக்கட்டும். எத்தனை பேர்கிட்ட பேசியாச்சு?

— ஆஸ்பத்திரி வரவேற்புல இருபது பேர்கிட்ட பேசிட்டாங்க. நம்ம பங்கு இருபத்தொண்ணு. அதுல இருபது முடிஞ்சுது.

— எப்படிப் பேசினாங்க?

— ஒரு பெரியவர் சிரிச்சார். 'முந்தாநாள்தான் ஏத்தினாங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னா நம்புறதுக்கு நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னார். ஒருத்தர் வக்கீல் வைக்கறேன்னார். அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா ஒரு அம்மா… எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், வச்சுட்டாங்க. அந்த 'சரி' காதை விட்டுப் போக மாட்டேங்குதுக்கா.

— ம்… அந்த இருபத்தோராவது ஆள்?

— மொத்தக் கணக்குல நாப்பத்தொண்ணு. எடுக்கவே இல்ல. பன்னெண்டு தடவை அடிச்சாச்சு. தப்பா வந்துடுச்சுன்னு திருத்தம் அனுப்பினோமே, அதைப் படிச்சதாக் காட்டுது. ஆனா பதில் இல்ல. இன்னிக்கு நாலு மணிக்கு அவருக்கு மருந்து ஏத்தணும்னு பட்டியல்ல இருக்கு. இப்போ ரெண்டே கால். மெசேஜை நம்பி அவர் பாட்டுக்கு வெளியூர் கிளம்பிட்டார்னா? ஒரு தடவை தவறினா மொத்த வரிசையும் குழம்பிடும்னு நர்ஸ் சொன்னாங்க.

— பதிமூணாவது தடவை அடி. நான் பக்கத்துலயே இருக்கேன். தாள்ல எழுதிக் கொடுத்ததை மட்டும் படி. சொந்தச் சரக்கு சேக்காத.

— மெசேஜ்ல கடைசி வரியும் என் சொந்தச் சரக்குதான்க்கா. 'நலமாக வாழுங்கள்'னு. யாரும் கேக்கல, நானா சேத்தேன்.

— தெரியும். அதைப் படிச்சுத்தான் கட்டைவிரல் போட்டேன். அடி.

— ரிங் போகுது… எடுக்க மாட்டாங்கக்கா, பாருங்களேன்…

— ஹலோ.

— அக்கா! எடுத்துட்டாங்க!

— ஸ்பீக்கர்ல போடு. பேசு, பேசு.

— வணக்கம்மா. ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செஞ்சு கொடுக்கற கம்பெனியிலேர்ந்து பேசறேன். சார்கிட்ட பேசணும்மா.

— நான் அவர் சம்சாரம். அவர் போன் என்கிட்டதான் இருக்கு. சொல்லுங்க தம்பி.

— இன்று காலை எங்கள் அமைப்பில் ஏற்பட்ட ஒரு பிழையின் காரணமாக…

— தாள்ல பாத்துப் படிக்கிறீங்களா தம்பி?

— …ஆமாம்மா.

— பரவால்ல, படிங்க.

— இல்லம்மா. நானே சொல்றேன். காலைல வந்த மெசேஜ் தப்பு. அதை எழுதினது நான்தான். சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. சாருக்குச் சிகிச்சை முடியலம்மா. இன்னிக்கு நாலு மணிக்கு அவர் வந்தே ஆகணும்.

— நீங்கதான் எழுதினீங்களா? நல்லா எழுதியிருந்தீங்க. அவர் மூணு தடவை சத்தம் போட்டுப் படிச்சார், பாருங்க. கடைசி வரியை மட்டும் நாலு தடவை.

— அம்மா, ஐயோ… மன்னிச்சிருங்கம்மா.

— அந்தச் சத்தம் கேக்குதா?

— என்ன சத்தம்மா?

— விசில். உள்ள ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கார். ஆறு மாசமாச்சு தம்பி, இந்த வீட்ல அவர் விசில் அடிச்சு. அவர் தம்பி வீட்டுக்கு, மச்சினர் வீட்டுக்கு, பழைய ஆபீசுக்கு, எல்லாருக்கும் என் போன்லேர்ந்து பேசிட்டார், பாருங்க. பக்கத்துலயே இருந்தார், அதான் நீங்க கூப்பிட்டப்பல்லாம் நான் எடுக்கல.

— அம்மா, நான் இவனுக்கு மேல இருக்கறவ பேசறேன். தப்புல எனக்கும் பாதிப் பங்கு. வீட்டுக்கே கார் அனுப்பறோம்மா. அரை மணியில வந்துடும். நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்.

— கார் வேண்டாம்மா. நாங்க வரல.

— வராம இருக்காதீங்கம்மா! என் மேல கோவம்னா என்னைத் திட்டுங்க, புகார் கொடுங்க, நான் எழுதியே தர்றேன். ஆனா ஒரு மெசேஜை நம்பி மருந்தை விட்டுடாதீங்க. திருத்தம் அனுப்பினோமே, அதை அவர் பாக்கலையா?

— வந்துச்சு. நான்தான் அழிச்சேன்.

— அழிச்சீங்களா? ஏம்மா? அக்கா, நீங்க சொல்லுங்கக்கா…

— அம்மா, உங்க மனசு புரியுது. அவர் முகத்தைப் பாத்துச் சொல்ல உங்களால முடியலன்னா—

— அவர்கிட்ட போனைக் கொடுங்கம்மா! நானே சொல்றேன். நான் பண்ணின தப்பு, நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஒரு நிமிஷம் போதும். கொடுங்கம்மா, கெஞ்சிக் கேக்கறேன்.

— வேண்டாம் தம்பி. இனி மருந்து ஏத்தியும் பிரயோஜனம் இல்ல, கூட்டிட்டு வர வேண்டாம்னு டாக்டர் நேத்தே என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அதை இவர்கிட்ட எந்த வாயால சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்பதான் உங்க மெசேஜ் வந்துச்சு.