தகப்பன் உயிரோடிருக்க மகனுக்கு வைத்த ஆட்டுத்தலை

என் பெயர் அசான்கான், தகப்பனார் பெயர் தோர்பாய், வயது 54, தாஷ்கெச்சூ நகரம் மில் தெரு 11-ஆம் எண் வீட்டில் மனைவி, மகன், மருமகளுடன் குடியிருந்து வருகிறேன். படிப்பு ஐந்தாவது வரை, அதில் நான்காவது மட்டும் இரண்டு முறை. தொழில் சமையல். பத்தொன்பது வருடமாக எங்கள் நகர மன்றத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு ஆடு அறுத்து, சமைத்து, யாருக்கு எந்த எலும்பு என்று பார்த்துப் பங்கு வைத்தது நான்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே இன்று ஏப்ரல் 21-ஆம் தேதி காலை காவல் நிலையத்துக்கு வந்து லெஃப்டினன்ட் முன்பாக இதைச் சொல்கிறேன்.

கடந்த மார்ச் 4-ஆம் தேதி மன்றக் கூட்டம் நடந்தது. நான் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். தெருவிளக்கு ஒப்பந்தம், குப்பை வண்டி ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கூரைக்கு மாகாணத்திலிருந்து வந்த நிதி என்று ஒவ்வொன்றாக வாசிக்க, உறுப்பினர்கள் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எட்டாவதாக, இந்த வருட விருந்துச் சமையல் ஒப்பந்தம் பேருந்து நிலையத்தருகே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சோனுன்புபுவுக்கு என்று வாசித்தார்கள். அதற்கும் கையைத் தூக்கினார்கள். சோனுன்புபு என் மகனுடைய மாமியார், அதாவது எனக்குச் சம்பந்தி.

நான் கையால் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை எழுத்தர் திருப்பிக் கொடுத்தார், கணினி வழியாக வந்தால்தான் எடுப்பார்களாம். சம்பந்தியின் விண்ணப்பத்தை அவருடைய மகள், அதாவது என் மருமகள் மீரிம், என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே கைப்பேசியில் நிரப்பியிருக்கிறாள். அன்றே அவள், "மாமா, உங்களுதையும் சேத்துப் போட்டுடட்டுமா?" என்று கேட்டது உண்மை. "எனக்கு எழுதத் தெரியும்மா" என்று நான் சொன்னதும் உண்மை.

அதன் பிறகு மன்றத்து நடையில் சம்பந்தியைப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கேலி பண்ணலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, "சம்பந்தியம்மா, பொண்ணக் குடுத்துட்டுப் பொழப்ப எடுத்துக்கிட்டீங்க, நல்ல பண்டமாத்து" என்றேன். அதற்கு அவர், "பையனைக் குடுத்த கையோட கரண்டியையும் குடுத்துட்டீங்கன்னு நெனச்சுக்குறேன் சம்பந்தி. ரெண்டும் கொஞ்சம் தேஞ்சதுதான், என்ன பண்றது, வச்சுச் சமாளிப்போம்" என்றார். நடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த நடையில் பத்தொன்பது வருடமாக என் பேச்சுக்குத்தான் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஏப்ரல் 17-ஆம் தேதி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கென்சாய் நகரத்திலிருந்து அந்நகர மன்றத் தலைவர் தானாபெக் நான்கு பேருடன் வந்தார். அது கசாக் நாடு, இது கிர்கிஸ் நாடு என்றாலும் ஆறு ஒன்று, மதகும் ஒன்று. மதகைப் பழுது பார்க்க இரண்டு மன்றங்களும் பாதிப் பாதி நிதி போடுவதென்று ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கையெழுத்து என்பது ஏற்பாடு.

அன்று காலை நானும் மன்றத்துக்குப் போயிருந்தேன், எனக்கு அங்கே வேலை எதுவுமில்லை. சமையல்கட்டில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை நன்றாக இருந்தது. சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சம்பந்தி, வெளையாட்ட விட்டுட்டுச் சொல்லுங்க, வர்ற தலைவருக்கு அப்பா இருக்காரா?" என்று கேட்டார். ஆட்டுத்தலையைப் பெரிய விருந்தாளி முன் வைப்பது மரியாதை. ஆனால் தகப்பன் உயிரோடிருப்பவனுக்கு அதை வைத்தால் உன் அப்பன் எப்போது சாவான் என்று கேட்டதாக அக்கரைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், எங்கள் பக்கம் அவ்வளவு பார்ப்பதில்லை. அதனால் அவர் கேட்டது சரியான கேள்வி. தானாபெக்கின் தகப்பனார் கல்தீபாய் உயிரோடிருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போன முறை தானாபெக்குக்கு நான் தலைக்குப் பதில் இடுப்பெலும்பு வைத்தேன்.

நான், "அவரு போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு, தைரியமா வைங்க" என்றேன். கேலிக்குச் சொன்னதாக நேற்றிரவு வீட்டில் சொன்னேன். கேலிக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு விருந்து நடந்தது. எங்கள் தலைவர் குபாத் குழம்பை மூன்று கிண்ணம் வாங்கிக் குடித்தார், என் சமையலில் இரண்டுக்கு மேல் கேட்டதில்லை. அதன் பிறகு சம்பந்தி தலையைத் தட்டில் ஏந்தி வந்து, இரண்டு கையாலும் தானாபெக் முன் வைத்தார். தானாபெக் தட்டைப் பார்த்தார், கத்தியைத் தொடவில்லை. "எங்கப்பா இன்னிக்குக் காலைல என் தொப்பியத் தட்டிக் குடுத்து அனுப்பினாரு" என்று மட்டும் சொல்லி எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பேனா, மைக்கூடு, இரண்டு நாட்டுக் கொடி எல்லாம் மேசையில் அப்படியே இருந்தன. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

மறுநாள், மதகு ஒப்பந்தத்தைக் கெடுக்க யாரோ சம்பந்திக்குக் கையூட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று குபாத் புகார் எழுதிக் கொடுக்க, இந்த நிலையத்தில் சம்பந்தியை விசாரித்து, அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதாகத் தெரிந்தது. சமையல் ஒப்பந்தத்தையும் நிறுத்தி வைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்ததை மறைக்கவில்லை.

19-ஆம் தேதி மருமகள் மீரிம் எனக்குத் தேநீர் ஊற்றும்போது, "யார்கிட்டயும் கேக்கல, நானாத்தான் வச்சேன்னு அம்மா சொல்லிட்டாங்க மாமா. அப்படியெல்லாம் கேக்காம செய்யிற ஆளே இல்ல அவங்க" என்றாள். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு அங்கேயே நின்றாள். நான் குடிக்கவில்லை. சம்பந்தி என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. சமையலில் என்னைத் தாண்டியவர் இதிலும் தாண்டிவிட்டார்.

அதன் பிறகு நேற்று, என்னிடமிருந்த நல்ல மேலங்கியை எடுத்துக்கொண்டு, பாலம் கடந்து, கென்சாயில் பெரியவர் கல்தீபாய் வீட்டுக்குப் போனேன். வயது எண்பத்து நான்கு. முற்றத்தில் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, எங்கள் வழக்கப்படி மேலங்கியை அவர் தோளில் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர், "என்னைச் சாகடிச்சது நீதானா? உக்காரு. பொணத்தோட ஒக்காந்து டீ குடிக்கப் பயமில்லியே?" என்றார். நான் உட்கார்ந்தேன். "ரெண்டு வருஷம்னா சொன்ன? தெரிஞ்சிருந்தா வெங்காயம் நட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தார். அதன் பிறகு, "என் மகன் கோவமாத்தான் வந்தான், ஆனா வந்ததுலேருந்து அந்தக் கொழம்பைப் பத்தியேதான் பேசுறான். அந்தம்மா வியாழக்கிழமை இந்த முற்றத்துல வந்து சமைக்கட்டும். தலைய எனக்கு வைக்கட்டும், எனக்குத்தான் அப்பா இல்ல. நான் தின்னு முடிச்சதும் பய கையெழுத்துப் போடுவான்" என்றார்.

நான், "ஐயா, நானும் நல்லாவே சமைப்பேன்" என்றேன். அவர், "நீ வெறகு பொள. வந்தவங்க கைகழுவத் தண்ணி ஊத்து" என்றார். மேலங்கியை மடித்து வைத்துக்கொண்டார்.

ஆகவே வியாழக்கிழமை பாலம் கடக்கச் சம்பந்திக்கு அவருடைய பாஸ்போர்ட் வேண்டும். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நான் பொய் சொன்னேன், குற்றம் அவ்வளவுதான். தண்டனை எதுவானாலும் வியாழக்கிழமைக்குப் பிறகு தரும்படி கேட்டுக்கொள்கிறேன், விறகு பிளக்க வேறு ஆள் சொல்லவில்லை.

இதை லெஃப்டினன்ட் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். முடிவில், 'சோனுன்புபு மீது எனக்குப் பகையோ பொறாமையோ கிடையாது' என்று வழக்கமாக எழுதும் வரி இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பகை இல்லை. பொறாமை இருந்தது, இப்போதும் இருக்கிறது, வியாழக்கிழமை இன்னும் கூடும் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மறுபடி வாசிக்கக் கேட்டேன், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை, நான் சொன்னதுதான்.

(ஒப்பம்) அசான்கான் தோர்பாய்