மைக்கில் படித்த எடை

— மன்னிப்புக் கடிதம் குடுத்தா விட்டுடறேன் பொற்கொடி. இல்லன்னா டீசிதான். உங்க பொண்ணு சுவேதா பண்ணினது சின்னக் காரியமில்ல.

— கம்பெனியில அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடியாந்திருக்கேன் பிரின்சிபால் மேடம். பி.டி. சார இவ அப்படி என்ன பெருசா சொல்லிட்டா?

— பிரேயர்ல, நானூறு பசங்க முன்னாடி, "நீங்க மொதல்ல எடை மெஷின்ல ஏறுங்க சார்"னு அவரப் பாத்து சொல்லியிருக்கா. ஸ்கூலே சிரிச்சுது.

— அதுக்கு முன்னாடியே சிரிச்சாங்க மிஸ். சுவேதா, ஏழாம் கிளாஸ், அறுபத்தி ரெண்டு கிலோன்னு மைக்ல படிச்சப்பவே.

— குறுக்க பேசாத சுவேதா. இது ஹெல்த் புரோகிராம் பொற்கொடி. பெங்களூர் ஸ்கூல்ல எல்லாம் பண்றாங்க, ஓசூர்ல நாமதான் மொதல்ல. சார் நான் குடுத்த லிஸ்டத்தான் படிச்சாரு.

— எடை பாருங்க, வேணாங்கல. எங்கிட்ட தனியா சொன்னா ஆவாதா? நாலு நாளா பாப்பா சோத்தத் தொடல மேடம். வெறும் மோரு. துப்பட்டாவ வயித்துல இறுக்கி சுத்திகினு படுக்குது. நேத்து பஸ் ஸ்டாப்புல தலை சுத்தி உக்காந்துருச்சு.

— அதுக்கு ஸ்கூல் பொறுப்பா? வீட்ல என்ன குடுக்கறீங்கன்னு பாருங்க.

— பாத்துட்டேன். அஞ்சே முக்காலுக்கு எனக்கு கம்பெனி பஸ். சாயங்காலம் இவ தனியா வந்து கதவத் தொறக்கணும். பாவமா இருக்கும், சிப்ஸும் நூடுல்ஸும் வாங்கி வெச்சுட்டுப் போவேன். அது என் தப்பு. நிறுத்திட்டேன், இப்ப சுண்டல் அவிச்சு வெக்கறேன். உங்க தப்ப எப்ப நிறுத்தப் போறீங்க?

— என் தப்பா?

— உங்க கேன்டீன்ல பப்ஸும் கலர் சோடாவும் விட்டா என்ன இருக்குது? கிரவுண்டு பூரா பஸ்ஸ நிறுத்தியாச்சு. விளையாட்டு பீரியட்ல கணக்கு நடத்தறீங்க. புள்ளைங்க எங்க ஓடும்? பெஞ்சு மேலயா?

— அதப் பேச உங்கள கூப்பிடல. சுவேதா, லெட்டர் எங்க?

— இந்தாங்க மிஸ்.

— ஏய், எழுதாதன்னு சொன்னேன்ல பாப்பா! நாம எதுக்குடி மன்னிப்பு கேக்கணும்?

— இரும்மா, மிஸ் படிக்கட்டும்.

— "சார், எல்லார் முன்னாடியும் உங்களை மெஷினில் ஏறச் சொன்னது தப்பு. எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் உங்களுக்கும் இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள். ஆனால் இனியும் என் எடையை மைக்கில் படிப்பதாக இருந்தால் நான் மெஷினில் ஏற மாட்டேன். கிரவுண்டைக் கொடுங்கள், தினமும் ஓடுகிறேன்." என்னது இது, மன்னிப்பா மிரட்டலா?

— மன்னிப்புதான் மிஸ். காலையிலயே சாருக்குப் படிச்சுக் காட்டிட்டேன். அப்புறம் அவரு டிபன் பாக்ஸத் தொறந்து ரெண்டு இட்லிய என் கையில வெச்சாரு. சாப்பிட்டேம்மா.

— சாப்பிட்டியா கண்ணு? நெஜமாவா?

— சார் ஆயிரம் சொல்லுவாரு. இங்க முடிவு பண்றது நான். கிரவுண்டுல பஸ் நிக்கற வரைக்கும்... வெளிய என்ன சத்தம் அது?

— பி.டி. சார் விசில், மிஸ். அவரு சொல்லி டிரைவர் அண்ணனுங்க பஸ்ஸெல்லாம் ரோட்டுக்கு எடுத்துட்டாங்க. எங்க கிளாஸ் ஓட ஆரம்பிச்சுடுச்சு, நானும் போறேன்.