பரிசத் தட்டில் ரெண்டு பேர்

– மடிக்காதீங்க, மடிக்காதீங்கன்னு போன்ல அவ்ளோ சொன்னேன் மச்சான். நாலா மடிச்சு சட்டப் பாக்கெட்ல சொருவிக்கிட்டு வந்திருக்கீங்க.

– ஒரு பேப்பர மடிச்சா என்னலா வாணி? பாலிங்லேர்ந்து ஒன் கடை வரைக்கும் லோரி ஓட்டிக்கிட்டே அத கையில விரிச்சுப் புடிச்சுக்கிட்டா வர முடியும்?

– பக்கத்து சீட்ல போட்டிருக்கலாம்ல. லேசர்ல அடிச்ச மை மாவு மாதிரி. மடிச்ச எடத்துல உதிர்ந்துடும். பேப்பர்லேர்ந்து ஒங்க வெள்ளித் தட்டுல எழுத்து எறங்குறப்ப அங்க மட்டும் ஒண்ணும் இருக்காது.

– இல்லாட்டி என்னலா. வெட்டுறப்ப உளியால நீயே சேத்துக்க. ஒனக்குத் தெரியாததா?

– எங்க, குடுங்க. எந்த எடத்துல போயிருக்குன்னு பாக்குறேன்.

– நீ பாக்க வேணாம். நானே தட்டு மேல வெக்கிறேன். மை பக்கம் கீழ, அதானே?

– லோரிய வித்துட்டு என் தொழிலுக்கு வரப் போறீங்களா?

– ஏன்லா, லோரிக்காரனுக்கு ஒரு பேப்பர் வெக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?

– நெனைக்கல மச்சான், பாக்குறேன். ரெண்டு தடவ கோணலா வெச்சுட்டீங்க. பசியாறிட்டீங்களா இல்லியா?

– ரொட்டி சானாய் சாப்ட்டுத்தான் வந்தேன். அதான் சொல்றேன்ல, ஒண்ணும் இல்ல. வேலயப் பாருலா.

– எங்கக்கா இருந்தப்ப சட்ட வாங்குனாக்கூட கலர் நல்லாருக்கான்னு என்னக் கேப்பீங்க. இப்ப வெள்ளித் தட்டக் கொண்டாந்துட்டு டிசைனக் கண்ணுல காட்ட மாட்டேங்குறீங்க.

– எனக்கு இல்லலா இது. ஒரு பிரண்டு குடுத்துவிட்டான். அவன் கொஞ்சம் வெக்கப்படுற ஆளு.

– ஓ. பிரண்டு பேரு?

– பேரா? சுப்பிரமணியம்.

– ஒங்க லோரியில கெலிண்டானா வர்றாரே, மூட்டை ஏத்தி எறக்குவாரே, அவரா? அவரு பேரன் பள்ளிக்கூடம் போறானே மச்சான்.

– இது வேற சுப்பிரமணியம்லா.

– சரி, வேற சுப்பிரமணியம். பேப்பர் நகராமப் புடிங்க, ஓரத்துல டேப் ஒட்டுறேன். இப்ப மை எளகுறதுக்குப் பஞ்ச அசிட்டோன்ல நனைச்சுத் தடவப் போறேன். வாடை தலைக்கேறும், கதவுப் பக்கம் மூஞ்சத் திருப்பிக்குங்க.

– கரண்டி எதுக்குலா?

– ரசம் வெக்க. ஏன் மச்சான், கரண்டி முதுகால அழுத்தித் தேச்சாத்தானே மை பேப்பர விட்டுட்டுத் தட்டைப் புடிக்கும்.

– அப்ப நல்லா தேய். நடுவுல தூக்கிப் பாத்துடாத.

– தூக்க மாட்டேன். சுப்பிரமணியத்துக்கு எப்ப பரிசம்?

– பரிசம்னு யாரு சொன்னா?

– ரெண்டு பக்கமும் மயிலு, நடுவுல ரெண்டு பேரு. கோயிலுக்குக் குடுக்குற தட்டுன்னா உபயம்னு போட்டிருக்கும்.

– நீ எப்பலா பாத்த? மை பக்கம் கீழதானே வெச்சேன்.

– வெக்கிறதுக்கு முந்தி பிரிச்சீங்கள்ல. அப்பப் பாத்தேன்.

– பாத்தாலும் படிக்க முடியாதேலா. திருப்பித்தானே அடிச்சிருக்கு. கண்ணாடியில காட்டுனாத்தான் வெளங்கும்னு பிரிண்டிங் கடைக்காரம்மா சொன்னாங்க. எனக்கே தலயும் புரியல, காலும் புரியல.

– அந்தம்மாவுக்குக் கண்ணாடி வேணும். நான் தெனைக்கும் இந்தத் திருப்பி அடிச்ச எழுத்துலதான் குடும்பம் நடத்துறேன். ஒங்க பேப்பர்ல வசந்தன்னு ஒங்க பேரே இருக்கு. பக்கத்துல ஷாமளான்னு இருக்கு. அந்தப் புள்ள பேரு மேலதான் நீங்க மடிச்சு வெச்சிருக்கீங்க.

– படிச்சிட்டா இவ்ளோ நேரம் சுப்பிரமணியம், சுப்பிரமணியம்னு கேட்டுக்கிட்டு இருந்த?

– எவ்ளோ தூரம் ஓட்டுறீங்கன்னு பாத்தேன். ஏன் மச்சான், வேற கடையே கெடைக்கலியா? கூலிம்ல எத்தன பேரு மெஷின்ல வெட்டித் தர்றாங்க.

– ஒங்கிட்ட சொல்லத்தான் வந்தேன் வாணி. வாய் வரல. தட்டுல எழுத்து எறங்கட்டும், நீயே படிச்சுக்குவ, அப்புறம் திட்டுனா வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

– திட்டு வாங்குறதுக்கு வெள்ளித் தட்டோட வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்.

– வெளையாடாதலா.

– சரி, வெளையாடல. யாரு அந்தப் புள்ள?

– பெண்டாங்ல நெல்லு மில் ஆபீஸ்ல வேல செய்யுது. அதுவும் புருசன எழந்ததுதான். போன வருசம் தம்பி வீடு மாத்துறான், லோரி வேணும்னு எனக்குப் போன் பண்ணுச்சு. சாமான் ஏத்தி எறக்கி முடிச்சதும் ஒக்கார வெச்சு சோறு போட்டுச்சு. அப்புறம் பேச ஆரம்பிச்சோம்.

– சமையல் எப்படி?

– உப்பு கொஞ்சம் தூக்கல்.

– சொன்னீங்களா அவகிட்ட?

– சொல்லல. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டேன்.

– அப்ப முத்திப் போச்சு.

– வாணி, கேளு. ஒங்கக்கா தேவகி போயி மூணு வருசமாச்சு. எனக்குன்னு வேற யாரு இருக்கா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒங்க வீட்டுலதான் எனக்கு எல போடுறாங்க. ஒங்கம்மா இன்னும் மாப்பிள்ளன்னுதான் கூப்புடுறாங்க. இத செஞ்சா அந்த வீட்டு வாசல்ல எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு ஏறுவேன்? அதான் எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல.

– பேப்பர உரிக்கப் போறேன். இந்தப் பக்கம் வாங்க.

– நல்லா எறங்கியிருக்குலா. ஏதோ தட்டோட பொறந்த மாதிரி இருக்கு.

– இன்னும் மைதான் மச்சான். உளி வெச்சாத்தான் நெலைக்கும்.

– அப்ப இதே அசிட்டோனத் தொட்டுத் தொடச்சா?

– ஒண்ணும் இருக்காது. வெறுந்தட்டு.

– நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, தொடச்சிடலாம். அந்தப் புள்ளகிட்ட நான் பேசிக்கிறேன். ஒங்க வீட்ட விட்டுட்டு என்னால இருக்க முடியாது வாணி.

– இந்தாங்க பஞ்சு. நீங்களே தொடைங்க.

– நானா?

– ஆமா, நீங்கதான். மடிச்சுக் கொண்டாரத் தெரிஞ்சுச்சுல்ல, அழிக்கத் தெரியாதா? ம். என்ன மச்சான், பஞ்சு காஞ்சுக்கிட்டு இருக்கு.

– கை வரமாட்டேங்குதுலா.

– வராது. அந்தப் பஞ்ச டப்பாவுல போட்டுட்டு ஸ்டூல்ல ஒக்காருங்க. லைட்ட மறைக்காதீங்க.

– என்னலா பண்ற?

– வெட்டுறேன். ஷாமளாலேர்ந்து ஆரம்பிக்கிறேன், அங்கதான் மை உதிர்ந்திருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருங்க, சுத்தியல் தவறிடும்.

– வாணி.

– பேசாதீங்கன்னேன்ல.

– ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். எனக்குக் கூடப் பொறந்தவ இல்ல. பரிசத்தன்னிக்கு மாப்பிள்ள வீட்டுப் பக்கம் இந்தத் தட்டத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடக்க ஆளு வேணும். நீ வர்றியா?

– முடியாது மச்சான்.

– ஏன்லா? இப்பத்தானே நீயே வெட்டுன. மனசுக்குள்ள கோவம் இருக்கா? இருந்தா சொல்லிடு.

– கோவம்லாம் இல்ல. அன்னிக்கு நான் பொண்ணு வீட்டுப் பக்கம் நிக்கணும், ஷாமளாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அக்கா போனதுலேர்ந்து நீங்க ஒத்தையில ஒக்காந்து சாப்புடுறதப் பாக்க முடியாமத்தான், பெண்டாங்குக்குப் போயி அவளையே ஒங்களுக்குப் பொண்ணு கேட்டேன். லோரிக்குப் போன் பண்ணச் சொன்னதே நான்தான்.