உள்ளே வைத்துத் தைத்த சேலை

— தொடாதீக தம்பி. ஆடு குட்டி போட்டிருக்கு, அதுக்கு அடியில விரிச்சது.

— ஆட்டுக்கிட்ட கேட்டுட்டுத்தான் அக்கா இழுத்தேன். பழைய சேலைய அடுக்கித் தச்ச போர்வை எங்கன கிடந்தாலும் இந்தச் செழியனுக்கு மூக்கு வேர்த்துரும். நேத்து காரியாபட்டியில ஒரு டிராக்டர் சீட்டுக்கு அடியில இருந்து ஒண்ணை உருவினேன். டிரைவர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. எங்கம்மா பொண்ணு பாக்கிற எடத்துல எல்லாம் பையனுக்கு ஜவுளி வியாபாரம்னு சொல்லி வச்சிருக்காக.

— கந்தலை வாங்கி என்ன செய்வீக?

— அலசி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு மெட்ராஸ்ல விப்பேன். அங்கன இதைச் சுவத்துல மாட்டுறாக. ஏன்னு கேக்காதீக, எனக்கும் தெரியாது. இது யாரு தச்சது? தையல் எறும்பு ஊர்ந்த மாதிரில்ல இருக்கு.

— எம்மக வேல்விழி.

— கூப்பிடுங்க அவுகளை. ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்.

— போன ஆவணியில பட்டாசு ஆபீஸ் வெடிச்சுச்சுல்ல. அதுல போயிட்டா.

— மன்னிச்சிருங்க அக்கா. எனக்கு வாய்தான் முன்னால ஓடும்.

— வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. எரிக்கவும் மனசு வரல. அதான் ஆட்டுக்குப் போட்டேன். கொண்டுபோங்க, எவுக சுவத்துலயாச்சும் கிடக்கட்டும்.

— ஓரத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துக்கிறேன். உள்ள சாயம் போற துணியா இருந்தா அலசையில மேல ஏறிரும்.

— பிரிங்க. எல்லாம் வேலைக்குக் கட்டின நூல் சேலைதான். நைலான் கட்டினா உரசிப் பொறி வரும்னு கேட்லயே திருப்பி அனுப்பிருவாக.

— பக்கத்து வீட்டு அக்கா எட்டி எட்டிப் பாக்காக. அவுக வீட்லயும் இந்த மாதிரி இருக்குமோ?

— அங்கன போகாதீக. அவ சண்முகத்தாய். அவ மக இசைவாணியும் எம்மகளும் ஒண்ணாத்தான் வேலைக்குப் போய் வந்தாளுக. வெடிச்ச அன்னைக்குன்னு பாத்து அந்த இசைவாணி எவன்கூடவோ திருப்பூருக்கு ஓடிட்டா. ஓடுனவ பொழைச்சா. அதுலருந்து நான் அந்த வாசலை ஏறிட்டுப் பாக்கிறதில்ல.

— அக்கா, உள்ள ஒரு முழுச் சேலையே இருக்கு. நீலக் கட்டம், மஞ்சக் கரை. புதுசு கணக்காத்தான் இருக்கு. முந்தியில மட்டும் வெடிமருந்து பட்டுப் பொத்தல்.

— என்ன சொன்னீக?

— இந்தா பாருங்க. நீங்க வைவீகன்னு ஒளிச்சுத் தச்சிருப்பாக போல.

— அந்தச் சேலை இங்கன இருக்காது தம்பி. அதை வச்சுத்தான் நான் அவளை அடையாளம் சொன்னேன். மூஞ்சி இல்ல, ஒண்ணும் இல்ல. இடுப்புல ஒட்டியிருந்த நீலக் கட்டம் ஒண்ணுதான்.

— இதே சேலை வேற யார்கிட்டயாச்சும் இருந்துச்சா?

— இசைவாணிகிட்ட. பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு போல எடுத்தாளுக.

— அக்கா, கீழ உக்காருங்க. தண்ணி குடிங்க.

— அப்ப நான் புதைச்சது இசைவாணியை. எம்மக இருக்கா தம்பி. திருப்பூருக்குப் போனது எம்மக. வைவேன்னு பயந்துக்கிட்டு இன்னமும் வராம இருக்கா. வண்டியை எடுங்க, போவோம்.

— பொறுங்க அக்கா. பக்கத்து வீட்டு அக்காவே இங்கன வாராக.

— வரட்டும். ஏ மதினி, உம்மக ஓடிப்போனதை நீ கண்ணால பாத்தியா?

— எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் கருப்பம்மா. அன்னைக்கு நீ முதல் வேன்லயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டே. ரெண்டு பிள்ளைகளையும் பின்னால வந்த வேன்ல ஏத்திவிட்டது நான்தான்.

— பொய் சொல்லாத. ஆபீஸ்ல வேல்விழி பேரு மட்டுந்தான இருந்துச்சு.

— சீசன்ல எல்லாருக்குமா பேரு எழுதுறாக? எம்மகளைச் சும்மாதான் ஏத்திக்கிட்டாக.

— அப்ப திருப்பூரு?

— நான் கட்டிவிட்டது.

— பெத்த பிள்ளையைப் போயி ஓடிப்போனவன்னு ஏன் மதினி சொன்னே?

— ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துக் கிடைச்சது ஒரு உடம்பு. எம்பிள்ளை கால்விரலு எனக்குத் தெரியாதா? அதுமேல விழுந்து நீ அழுதுக்கிட்டு இருந்தே, உன்னைத் தூக்கிவிட மனசு வரல.