நாற்பத்தெட்டாம் பாகத்தின் பதினொரு நிமிடங்கள்

வீட்டில் என்னைக் கொசு என்றுதான் கூப்பிடுவீர்கள். அத்தான் புண்ணியத்தில் வேலை செய்யும் இடத்திலும் அதே பெயர்தான். வயது இருபத்தைந்து. அத்தானும் நானும் தங்கியிருந்த அறையில், அவர் கட்டிலில் உட்கார்ந்து, பேசினால் போனே எழுத்தாக்கிவிடுமே, அப்படித்தான் இதை எழுதுகிறேன். காலை மணி பத்து. அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு செருப்பை வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே என்னதான் வேலை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தூசி தட்டி, படத்தைத் தெளிவாக்கி, டிவிடியாகப் பெட்டி போட்டு வெளியிடுகிற வேலை. இரண்டு வருடமாக ஒரே தொடர்தான். பூமி பாழான பிறகு ஏழு பேர் ஒரு கப்பலில் விண்வெளியில் அலைகிற கதை. கப்பல் அட்டையில் செய்தது, பார்த்தாலே தெரியும். ஆனாலும் அதற்கு உயிரை விடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். "இவங்க அந்தக் கப்பலுக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி உங்க அக்கா எனக்குக் குடுத்தா போதும்டா" என்பார் அத்தான்.

மூன்று பெட்டிகள் வந்துவிட்டன. நான்காவதில் கடைசிப் பாகம், நாற்பத்தெட்டு, இல்லை. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிலையத்துக்காரர்களே அந்த டேப்பின் மேல் வேறு எதையோ பதிந்து அழித்துவிட்டார்கள். போன மாதம் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர், மறுஒளிபரப்பின்போது பள்ளிக்கூட மெஷினில் பதிந்து வைத்திருந்த கேசட்டை அனுப்பினார். உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த மாதிரி கேசட்டின் அடியில் சிவப்பாக ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அதன் மேல் யாராலும் எதையும் பதிய முடியாது. வெளியிலிருந்து வரும் கேசட்டில் முதலில் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வேலை. முதல் ஓட்டம், டேப் தாங்குமா என்று பார்ப்பதற்கு மட்டும். இரண்டாம் ஓட்டத்தில்தான் பிரதி எடுப்போம். முதல் ஓட்டத்தை அத்தான் தனியாகப் பார்த்தார். மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில், வருவதற்குள் முடித்துக் காட்டலாமே என்று நான் ஆரம்பித்தேன். குமிழைப் பார்க்கவில்லை. ஓட்டுகிற மெஷினில் போட வேண்டியதைப் பதிகிற மெஷினில் போட்டேன். கடைசிக் காட்சியை மறுபடி பார்க்க அத்தான் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்; நான் முதலுக்குச் சுற்றாததால் அதன் மேலேயே வெறும் திரை பதிந்தது.

பதினோராவது நிமிடம் அத்தான் வந்து நிறுத்தினார். "எருமை, எதுல போட்டிருக்க பாரு" என்றார். கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, எங்கள் முதலாளி மேடம் இருக்கிற அறைப் பக்கம் பார்த்தார். கடைசியில், "மேடத்துகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காத" என்றார்.

என் நிலைமையில் இருந்தால் நீங்களும் அதைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். இந்த வேலை போனால் பதினான்கு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். மறுநாள் காலையிலிருந்து மேடம் என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை. ஒரு கப்பலில் ஏறிய இரண்டு பேரில் ஒருவரைத் தள்ளிவிட்டால்தான் மற்றவர் பிழைப்பார் என்றால், வயதில் பெரியவர் யாரைத் தள்ளுவார்? யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது.

டேப் வைக்கும் அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டார்கள். ஒரு வாயு வந்து காற்றை வெளியே தள்ளிவிடும். மணி அடித்து முப்பது நொடிக்குள் ஆள் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கதவின் உட்பக்கக் கைப்பிடி ஒரு வாரமாகக் கழன்று கிடந்தது. அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் கால் வைத்துக் கதவைப் பிடித்துக்கொள்வோம்.

மணி தானாக அடித்தது, நான் தேநீர் எடுக்கப் போயிருந்தேன், சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைத் திறந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். போலீசிடமும் அதைத்தான் சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. போன மாதம் இரண்டு முறை அது தானாக அடித்திருக்கிறது.

அன்றைக்கு அத்தான் உள்ளே இருந்தபோது, வாசலில் வைத்திருந்த என் காலை எடுத்தேன். எடுத்ததும் கதவு சாத்திக்கொண்டது. அது அதன் சுபாவம். கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெட்டியில் ஒரு பிடி இருக்கும்; இழுத்தால் தீப்பிடிக்காமலே மணி அடித்து வாயு வரும். அதை இழுத்தேன்.

கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. அத்தான் முதலில் சிரித்தார். "டேய் கொசு, விளையாடாத" என்று வாய் அசைந்தது; மணிச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. பிறகு அவர் சிரிக்கவில்லை. ஆனால் கத்தவும் இல்லை. வெளிப்பக்கக் கைப்பிடியைக் கீழே அழுத்தி இழு என்று கையால் காட்டினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல மெதுவாக, மூன்று முறை. எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். பதறினால் நான் இன்னும் பதறுவேன் என்று தெரிந்தவர்.

நான் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அழுத்தவில்லை.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சம்பவத்துக்கு முந்தின மாலையே அத்தான் அனுப்பிய செய்தியைக் காட்டினார். சிவப்புக் குமிழை எடுக்க மறந்தது நான், மெஷினை மாற்றிப் போட்டதும் நான், அழிந்துபோன கடைசிக் காட்சி மனப்பாடமாக இருக்கிறது, எழுதித் தருகிறேன், பையன்மேல் தப்பில்லை என்று இருந்தது. முந்தின நாள் காலையில் மேடம் என்னைப் பார்த்தது பரிதாபத்தில்தான் போலிருக்கிறது.

"அவர் போயிட்டாரே தம்பி. அந்தக் கடைசிக் காட்சிய உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரா?" என்று கேட்டார்.

சொன்னார் என்றேன். கப்பல் தலைவன் கதவைத் திறக்கிறான், ஏழு பேரும் பத்திரமாக வெளியே வருகிறார்கள் என்று சொன்னேன். மேடம் அழுதுகொண்டே எழுதிக்கொண்டார். பெட்டியோடு வருகிற சின்னப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகப் போகிறது.

நேற்று அக்கா போனில், "கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியேடா, அது போதும்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் இதைச் சொல்லத் தோன்றியது. அவள் சொன்னது உண்மைதானே. கடைசிவரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை விமானத்தில் அத்தானைக் கொண்டுவருகிறேன். கையெழுத்து எல்லாம் போட்டுவிட்டேன். அக்காவையும் பாப்பாவையும் இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். இதை முதலில் படிப்பது யாராக இருந்தாலும், விமான நிலையத்துக்கு ஒரு ஆள் வாருங்கள். அங்கிருந்து வீட்டுக்கு வண்டியில் அவரோடு தனியாக வர எனக்குப் பயமாக இருக்கிறது.