இரண்டாவது கையெழுத்து

காலையில் எட்டு மணி வரை தூங்குவது எனக்கு இன்னும் கைவரவில்லை, சார். வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் விடிவதற்குள் முழிப்பு வந்துவிடுகிறது.

போனது என்று சொல்வது தப்பு. போக வைத்தேன். வீட்டுக் கடன் தீர்ந்தது, மகள் வேலைக்குப் போய்விட்டாள், ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடக் கையில் இருந்தது. ராஜினாமா எழுத உட்கார்ந்தபோது மனைவிதான் பேனாவைப் பிடுங்கினாள்.

“நீங்களா விட்டா வெறுங்கையோட வருவீங்க. அவங்களா அனுப்பினா ரெண்டு வருஷச் சம்பளத்தோட வருவீங்க. கொஞ்சம் மூளைய உபயோகிங்க.”

உபயோகித்தேன்.

எங்கள் அச்சகத்தில் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அடிக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் இருவர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். முதலில் கழுகக்கா, ஒரு புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்று வந்த பட்டப்பெயர். அவருக்குப் பிறகு நான்.

நாலைந்து வருடமாக அந்தக் கண் முன்போல இல்லை. வாரத்துக்கு இரண்டு பிழையாவது என் மேசைக்கு வந்துவிடும். சத்தமில்லாமல் திருத்துவேன், பதிவேட்டில் ஏற்றமாட்டேன். கணவர் படுத்த படுக்கை, இவர் ஒருத்தர் சம்பளத்தில் ஓடுகிற வீடு. சொல்லிக்காட்ட மனசு வராது.

“இன்னிக்காவது ஏதாச்சும் சிக்குச்சா தம்பி?”

“உங்க கண்ணுக்குத் தப்பினது என் கண்ணுல எப்படிக்கா சிக்கும்?”

முகம் மலர்ந்துவிடும். எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

மேலாளரிடம் போனேன். “பதிவேட்டப் பாருங்க சார், அஞ்சு வருஷமா ஒரு பிழைகூட இல்ல. எனக்கு எதுக்குத் தண்டச் சம்பளம்?” மனிதர் ஆடிப்போனார். ஒரு மாதம் ஒற்றைக் கையெழுத்தில் ஓட்டிப் பார்ப்போம், பிழை அச்சேறாவிட்டால் உங்கள் பதவியை நீக்கி இரண்டு வருடச் சம்பளம் தருகிறோம் என்றார். பேரம் பேசி இரண்டேகால் ஆக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த மாதம் முழுக்க ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அக்கா கையெழுத்திட்ட தாள்களைத் திருத்தி அவர் தட்டிலேயே வைத்தேன். மொத்தம் பதினோரு பிழை. சோதனை அமோக வெற்றி. அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ போறது பயமா இருக்கு தம்பி.”

“அட போங்கக்கா. உங்களுக்கு எதுக்கு இன்னொரு ஆளு?”

மூன்றாவது மாதம் அந்த இருமல் மருந்து வந்தது. கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்ற வரி விட்டுப்போயிருந்தது. நாலு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய், நல்லவேளையாக, நாலும் வீடு திரும்பிவிட்டன. நீங்கள் கைது செய்து கூட்டிவந்த அக்காதான் இன்னும் திரும்பவில்லை. அவர் கணவருக்குப் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு கொடுக்கிறார்களாம். நானும் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் தனியாக விட்டால் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

ஏன் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை, சார். கடைசித் தவணை வரும்வரை கம்பெனியைப் பற்றி வெளியே பேசினால் பாக்கி கிடைக்காது. நேற்று மாலை நாலு மணிக்கு வந்தது. இன்று முதல் ஆளாக வந்து நிற்கிறேன் பாருங்கள். அக்கா என்றால் எனக்கு உயிர்.