கேட்காமல் வந்த தட்டு

— அப்ப அந்த முஸ்லிம் நானா கடையும் ஆகாதுங்கறீங்க.

— ஆகாதுன்னு சொல்லல அம்மாக்கண்ணு. நா சொல்றேன் கேளு. நானா கடை ரொட்டி நல்ல ரொட்டிதான். ஆனா அடுப்படிப் பொகை பூராவும் மேசைக்கித்தான் வரும். சம்மந்தி கண்ணு கலங்கி உக்காந்திருந்தாருன்னு வையி, பொண்ணு வீட்டுக்காரங்க மொத நாளே அழ வச்சுட்டாங்கன்னு அவரு ஊரு நானுஓயா பூராப் பேச்சாயிரும்.

— சரி, அப்பு கடை?

— அப்பு கடை அப்பம் பூ மாதிரி இருக்கும். ஆனா பெஞ்சுக்கு ஒரு காலு குட்டை. இந்தப் பக்கம் நீ எந்திரிச்சா அந்தப் பக்கம் உக்காந்தவன் தரையில கெடப்பான்.

— ஸ்டேசனுக்குக் கீழ மலையாளத்தாரு கடை இருக்கே?

— புட்டும் கடலையும் அவருகிட்டதான் சாப்புடணும். ஆனா மனுசன் பேச்ச நிறுத்த மாட்டாரு. நாம கலியாணப் பேச்ச எடுத்தா, நடுவுல நொழஞ்சு நாளும் குறிச்சு மாப்பிள்ளைக்குச் சட்டை அளவும் எடுத்துருவாரு.

— ஆமாஞ் சாமி. எல்லாத்தையும் தள்ளிட்டீங்க. சம்மந்திய பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்சு அவிச்ச கடலை வாங்கிக் குடுப்பமா?

— ஏன் இப்பிடிக் கோவப்படுற?

— கோவமா? பொகவந்தலாவையிலருந்து அத்தன வளைவுக்கும் வயித்தப் புடிச்சிக்கிட்டு வந்தேனே, அந்தக் கோவம். ரயிலு வந்துரும், இன்னும் எந்தக் கடைன்னு முடிவாகலியே, அந்தக் கோவம். ஆடித் திருவிழாவுல அந்த மனுசங்கிட்ட நீங்க பேசின பேச்சு இருக்கே, அது பெரிய கோவம்.

— என்னா பேசிட்டேன்?

— "அட்டன் டவுனுல நா உக்காராத ஹோட்டலே இல்ல சம்மந்தி, ஒரு நா வாங்க, ஹோட்டல்லயே உக்காந்து பேசி முடிச்சுருவோம்." யாரு பேசச் சொன்னா?

— பின்ன என்னா செய்யச் சொல்ற? அந்தாளு செல்லசாமி எடுத்த எடுப்புலயே, "நா நுவரெலியாவுல தொரமாருக வந்து தங்குற பெரிய ஹோட்டல்ல இருக்கறவன். எம்மகனுக்கு நாலு எடம் பழகின குடும்பத்துலதான் பொண்ணு எடுப்பேன். லயத்து வீட்ட விட்டா வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டு, பெரட்டு விட்டா லயம்னு கெடக்குற தோட்டத்துச் சனம் நமக்கு ஒத்து வராது"ன்னாரு. பக்கத்துல நம்ம மக பூரணி நிக்கிறா. அவ மொகத்த நீ பாக்கல, நா பாத்தேன்.

— நா பாக்காமயா? அந்தப் பையன் பேரச் சொன்னாலே கூடையில தேயிலக் கொழுந்து போடறதுக்குப் பதிலா வெளிய போடறா புள்ள.

— அதான். அவளுக்காகப் பேசிட்டேன். இப்ப அந்தாளு வந்து, கடையப் பாத்து, நம்மளப் பாத்து, "இவ்வளவுதானா நீங்க"ன்னு திரும்பிப் போயிட்டா? பூரணிகிட்ட என்னான்னு சொல்றது?

— அப்ப நா ஒண்ணு சொல்லட்டுமா? மங்கள விலாஸ்.

— மங்கள விலாஸா? உனக்கு என்னா தெரியும்? நீ ஒரு ஹோட்டல்லயாவது காலு வச்சிருக்கியா?

— காலு வைக்கல. ஆனா வாயி வச்சிருக்கேன். கலியாணம் ஆன நாளுலருந்து சம்பள ஞாயிறு தவறாம மங்கள விலாஸ் பார்சலு, நடுவுல டவுனுக்கு வந்தா மத்த கடைப் பார்சலுன்னு கொண்டாந்து குடுத்திருக்கீங்க. அட்டன் ஹோட்டலு எல்லாத்தையும் நா பார்சல வச்சே சொல்லிருவேன். நானா கடையில வெறும் பேப்பருதான். தேங்காச் சம்பலு ஊறிப் போயி, பேப்பர்ல இருந்த எழுத்தெல்லாம் ரொட்டி மேல திரும்பிப் பதிஞ்சிருக்கும். ஒரு தடவ ஏதோ அரசாங்க அறிவிப்ப முழுசாத் தின்னுட்டேன்.

— ஹா!

— சிரிக்காதீங்க. அப்பு கடையில நூலு கட்டத் தெரியாது. மலையாளத்தாரு எலைய வாட்டாமலே மடிப்பாரு, வழியிலேயே கிழிஞ்சிரும். மங்கள விலாஸ்தான் பார்சலு. வாட்டின வாழ எலை, அதுக்கு மேல பேப்பரு, மூணு பக்கம் மடிப்பு. அத்தன வளைவு பஸ்ஸுல குலுங்கி வந்தாலும் ஒரு சொட்டுச் சட்னி ஒழுகாது. பார்சலையே இப்பிடிக் கட்டறவன் உக்காந்து திங்கறவனுக்கு எப்பிடிச் செய்வான்?

— அது... கூட்டமா இருக்கும்.

— நீங்கதானே சொன்னீங்க, வெள்ளக்கல்லு மேசை, தூணுக்குத் தூணு ஆளுயரக் கண்ணாடி, தலைக்கு மேல காத்தாடி சுத்தும்னு? சம்மந்திக்கு அதவிட என்னா வேணும்? நடங்க. ரயிலு வர்றதுக்குள்ள நாம போயி உக்காந்து எடத்தப் பாத்து வைப்போம்.

— இப்பவா? நாம மட்டுமா?

— ஏன், நீங்க உக்காராத கடையா?

— ...சரி. படி வழுக்கும், பாத்து ஏறு.

— ஏங்க.

— ம்.

— காத்தாடி எங்க?

— கழட்டி வச்சிருப்பான். தொடைக்கிறதுக்கு.

— இந்த அட்டன் குளுருக்குக் காத்தாடி வச்சா டீ தொண்டைக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி கட்டியாயிருமேன்னு நா அப்பவே நெனச்சேன். ஆளுயரக் கண்ணாடி?

— அந்தா தொங்குது பாரு.

— அது சவரம் பண்ற கண்ணாடிங்க.

— சத்தம் போடாத. ஆளு வாறான். உக்காரு, உக்காரு.

— வாங்கண்ணே. உக்காருங்கக்கா. இந்தாங்க.

— தம்பி, தம்பி! இதெல்லாம் நாங்க கேக்கவே இல்லியே! இம்புட்டு வடையா? எடுத்துட்டுப் போயிருப்பா, எடுத்துட்டுப் போயிரு!

— கேக்க வேணாம்ணே. எல்லா மேசைக்கும் தட்டு தானா வரும், அதுதான் கடை வழக்கம். வடை, போண்டா, வாய்ப்பன் எது புடிக்குதோ எடுத்துச் சாப்புடுங்க. மிச்சத்த நாங்க உள்ள கொண்டு போயிருவோம். சாப்பிட்டதுக்கு மட்டுந்தான் காசு. எங்கயும் இப்பிடித்தானே?

— அது எனக்குத் தெரியாதாக்கும். இன்னிக்கி வேணாமேன்னு...

— இருங்க, இருங்க. கொரலு தெரிஞ்ச கொரலா இருக்கே. அட கர்த்தரே! நம்ம பார்சல் அண்ணன்! கம்பளி இல்லாம வெள்ள வேட்டியில வந்ததுல அடையாளமே தெரியல. இத்தன வருசத்துல இன்னிக்கித்தான் படியத் தாண்டி உள்ள வந்திருக்கீங்க!

— பார்சல் அண்ணனா? யாரு தம்பி அது?

— உங்க வீட்டுக்காரருதாங்கக்கா. நாங்க வச்ச பேரு. மழையோ காத்தோ, சம்பள ஞாயிறுன்னா அந்தக் கீழ்ப்படியில வந்து நிப்பாரு. ஒரே ஒரு பார்சலு. "சட்னி ஒழுகாமக் கட்டு கஸ்பரு, தூரம் போவணும்"பாரு. எலைய வாட்டச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். உள்ள வந்து உக்காருங்கண்ணேன்னா, "பஸ்ஸு போயிரும்"பாரு.

— கஸ்பரு, நீ போயி உன் வேலையப் பாரு.

— கஸ்பர் தம்பி, கொஞ்சம் நில்லுங்க. ரெண்டு தோசை. கல்லுலருந்து எடுத்த ஒடனே வேணும்.

— இந்தா வந்துருச்சுக்கா.

— அம்மாக்கண்ணு.

— பேசாதீங்க.

— இங்க பாரு புள்ள...

— "நா அங்கயே வயிறு முட்டச் சாப்புட்டேன், நீ தின்னு"ன்னீங்க. ஒவ்வொரு சம்பளத்துக்கும் சொன்னீங்க. மசாலா இப்பிடி இருந்துச்சு, சாம்பாரு அப்பிடி இருந்துச்சுன்னு நா தின்னு முடிக்கிற வரைக்கும் கத சொன்னீங்க.

— உள்ள இருந்து வாசம் வரும்ல. அத வச்சு சொல்றதுதான்.

— நீங்க என்னா சாப்புடுவீங்க?

— ரோட்டோரம் நின்னு ஒரு பிளேன் டீ குடிப்பேன். நல்ல டீதான்.

— அதான் வீட்டுக்கு வந்ததும் காலையில சுட்ட ரொட்டி இருக்கான்னு சட்டியத் தொறந்து பாப்பீங்களா? நா கேட்டா, "ஹோட்டலு சாப்பாடு சீக்கிரம் செரிச்சுரும்"னீங்களே! நானும் லயத்துல எல்லார்கிட்டயும் அதையே சொல்லி வச்சிருக்கேனே!

— சும்மா ஒரு வாட்டி சொன்னேன். நீ அவ்வளவு ஆசையாத் தின்ன. அப்பறம் மாத்திச் சொல்ல முடியல.

— தோசை, அக்கா. சூடு, பாத்து.

— ...ஏங்க. ஓரம் மொறுமொறுன்னு இருக்குங்க.

— ஆமா.

— பார்சல்ல வர்றது ஈரத்துணி மாதிரி இருக்கும். தோசைன்னா அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— எனக்கும் இன்னிக்கித்தான் தெரியும்.

— தின்னுங்க. என்னையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. இன்னைக்கி யாரும் யாருக்கும் கத சொல்ல வேணாம்.

— கத சொல்லித்தானே ஆவணும். கொஞ்ச நேரத்துல அந்தாளு வந்துருவாரே. ஹோட்டலு சோத்துலயே வளந்த மனுசன். ஒரு தட்டு வந்ததுக்கே நா கூப்பாடு போட்டேன். அவரு முன்னால என்னா ஆகப்போகுதோ!

— அதுக்குத்தானே முன்னாடியே வரச் சொன்னேன். இப்பவே பழகிக்குங்க. தட்டு வருது. நீங்க அதப் பாக்கவே கூடாது.

— பாக்காம எப்பிடி எடுக்குறது?

— என்னையப் பாத்துப் பேசிக்கிட்டே எடுக்கணும். எடுங்க பாப்போம். ஐயையோ, கோழி புடிக்கிற மாதிரியா எடுப்பாங்க? மெதுவா. ஒரு வெரலு படுற மாதிரி.

— வடை சூடா இருக்குடி.

— சூடா இருந்தா மூஞ்சிய மாத்தக் கூடாது. பெரிய ஹோட்டல்ல தொரமாரெல்லாம் மூஞ்சிய மாத்துவாங்களா?

— அண்ணே, அப்பிடியில்ல. வடையப் பிச்சு சட்னியில தொட்டுக்கிட்டே ஊர்க்கதை பேசுங்க. இங்க வர்ற மாத்தயாமாரு, பெரிய மனுசங்க எல்லாரும் அப்பிடித்தான்.

— கஸ்பர் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எங்க பொண்ணு கலியாணப் பேச்சுக்கு ஆளு வருது. அவரு முன்னால பார்சல் அண்ணன்னு மட்டும் கூப்புட்டுறாதீங்க.

— கலியாணமா! மாதா மேல சத்தியமா வாயத் தொறக்க மாட்டேங்க்கா. "வழக்கமான மேசையே போட்டுரவாண்ணே"ன்னு கேக்கட்டுமா?

— அது வேணாம். ஏற்கெனவே காத்தாடி வரைக்கும் போயிட்டாரு.

— ரயிலு ஊதுது! அம்மாக்கண்ணு, நா ஸ்டேசனுக்குப் போயிக் கூட்டியாறேன். நீ இந்த எடத்த வுட்டு எந்திரிக்காத.

— மீசையில சட்னி. தொடச்சிட்டுப் போங்க.

— வாங்க சம்மந்தி, வாங்க. படி வழுக்கும், பாத்து. அம்மாக்கண்ணு, சம்மந்தி வந்துட்டாரு.

— வாங்கண்ணே. வீட்டுல அண்ணி வரலியா?

— இல்லம்மா. அவளுக்கு ரயிலுன்னா தலை சுத்தும். இன்னைக்கி நாம பேசி முடிச்சுருவோம், வெத்தல மாத்த எல்லாருமா வருவோம்னு சொல்லிட்டு வந்தேன். ம். இதுதான் நீங்க வழக்கமா வர்ற கடையா வீரய்யா?

— ஆமா சம்மந்தி. சம்பளத்துக்கு சம்பளம் தவற மாட்டேன். வேணும்னா இந்தத் தம்பியவே கேளுங்க.

— ஆமாங்கய்யா. அண்ணன் வராத சம்பள ஞாயிறே கெடையாது. சத்தியம்.

— பரவால்ல, சின்னதா இருந்தாலும் சுத்தமா இருக்கு. எங்க நுவரெலியா ஹோட்டலு வேற மாதிரி. கோட்டு போட்டவன் வந்து நாற்காலிய இழுத்து வுடுவான். வெள்ளித் தட்டு, வெள்ளிக் கரண்டி. தலைக்கு மேல பெரிய பெரிய காத்தாடியாச் சுத்திக்கிட்டே இருக்கும்.

— காத்தாடியா அண்ணே? நுவரெலியாக் குளுருக்கா?

— அது... அங்க அப்பிடித்தாம்மா.

— அப்ப அங்க உங்களுக்கு என்னா வேலைங்கண்ணே?

— எல்லா வேலையும் பாக்குறதுதான். பூஞ்செடி, புல்லுத்தரைன்னு ஒரு பக்கமில்ல, சுத்தி வரணும். நம்ம பேச்சு இருக்கட்டும். பொண்ணு சொகமா இருக்கா?

— சொகந்தாங்கண்ணே. நீங்க மொதல்ல ஒரு டீயக் குடிங்க. ஏங்க, நெளியாம உக்காருங்க. கஸ்பர் தம்பி, கொண்டாங்க.

— இந்தா வந்துட்டேங்க்கா. அய்யா, கைய எடுங்க, தட்ட வைக்கிறேன்.

— ஐயையோ, தம்பி, தம்பி! இதெல்லாம் நாங்க கேக்கவே இல்லியே! சொல்லுங்க வீரய்யா! எடுத்துட்டுப் போயிருப்பா, எடுத்துட்டுப் போயிரு!